அரை கிரவுண்டில் ஆறு குடும்பம்: சென்னை மறந்துபோன வீட்டுக் கணக்கு

முதலில் ஒரு கணக்கு. சென்னையில் அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி. சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (நகருக்குள் அந்த விலைக்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சிரிப்பீர்கள், கணக்குக்காகத்தான்.) மனை விலை 96 லட்சம். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, உயரம் குறைந்த சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டிக்கொள்ளலாம் என்று பொருள். ஆக 2,400 சதுர அடி. அதில் தலா 1,200 சதுர அடியில் இரண்டு வீடு கட்டினால், செங்கல் ஒன்றுகூட வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டின் தலையிலும் 48 லட்சம் விழுந்துவிடுகிறது. தலா 400 சதுர அடியில் ஆறு வீடு கட்டினால் தலைக்கு 16 லட்சம்.

மாடிப்படி, நாற்புறமும் விட வேண்டிய காலியிடம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் சேர்ந்து நடைமுறையில் இந்தக் கணக்கைக் கடித்துக் குதறும். ஆறு வீடு ஐந்தாகும், நான்காகும். ஆனாலும் கணக்கின் சாரம் மாறாது. சிமென்ட் விலை, கம்பி விலை, மேஸ்திரி கூலி ஆகியவை நகரின் எந்த மூலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டை எட்டாக்கனியாக்குவது மண். அந்த மண்ணை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதை முடிவு செய்வது நகரத் திட்டம். எந்தத் தெருவில் எவ்வளவு சிறிய மனை இருக்கலாம், ஒரு மனையில் எத்தனை அடுப்பு எரியலாம், கீழே கடை வைத்து மேலே குடியிருக்கலாமா என்று விதி சொல்லும் ஒவ்வொரு வரியும் யாருக்கு வீடு உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. மானியம், வங்கிக் கடன், வட்டித் தள்ளுபடி பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறோம். இந்த வரிகளைப் பற்றிப் பேசுவதேயில்லை.

பழைய மெட்ராஸில் வீடு என்றால் ஒரே வகை அல்ல. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ‘ஸ்டோர்’ வீடுகள் இருந்தன: நடுவில் முற்றம், சுற்றிலும் எட்டுப் பத்துப் போர்ஷன், பொதுக் கிணறு. தனியாக வந்த இளைஞனுக்கு மேன்ஷன். மாடியில் ஒரு ஓடு போட்ட அறை. வண்ணாரப்பேட்டையில் பின்கட்டில் ஒண்டுக்குடித்தனம். இதையெல்லாம் பொற்காலமாகப் பாட எனக்கு விருப்பமில்லை. காலையில் கழிப்பறைக்கு வரிசை, அடிபம்புக்கு வரிசை, எல்லாவற்றுக்கும் முன்னால் “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி. அந்தக் கேள்வி இன்றும் சாகவில்லை, ‘வெஜிடேரியன்ஸ் ஒன்லி’ என்று பலகையில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று இருந்தது. கையில் இருக்கும் காசுக்கும் குடும்பத்தின் அளவுக்கும் ஏற்ற ஏதோ ஒரு படி அந்த ஏணியில் இருந்தது. இன்று கட்டுநர் கட்டுவது இரண்டு படுக்கையறை, மூன்று படுக்கையறை. அரசு கட்டுவது ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடி. நடுவிலும் கீழேயும் இருந்த படிகள் எங்கே போயின?

அரசே ஒரு காலத்தில் ஏணி கட்டியிருக்கிறது. 1961-இல் தொடங்கிய வீட்டு வசதி வாரியம் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் பெசன்ட் நகரிலும் உயர் வருவாய் (எச்.ஐ.ஜி.), நடுத்தர வருவாய், குறைந்த வருவாய் (எல்.ஐ.ஜி.) என்று மூன்று வகை வீடுகளை ஒரே குடியிருப்புத் திட்டத்துக்குள் வைத்தது. எல்.ஐ.ஜி. ஃபிளாட்டில் பியூனும் எச்.ஐ.ஜி. மனையில் டாக்டரும் இருந்தார்கள்; பால் பூத்தும் பேருந்து நிலையமும் பூங்காவும் பொது. ஆனால் மாதச் சம்பளம் இல்லாதவர்கள் அந்த ஏணியின் அடிப்படியிலும் கால் வைக்க முடியவில்லை. 1971-இல் எடுத்த கணக்குப்படி மெட்ராஸில் 1,202 குடிசைப் பகுதிகள், அவற்றில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் குடிசை மாற்று வாரியம் உருவாகியிருந்தது. இருந்த இடத்திலேயே குடிசையை எடுத்துவிட்டு மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடம். கொள்கை நல்லது. மெரினா ஓரத்திலும் நகரின் நடுவிலும் ஏழைகள் இன்றும் காலூன்றி இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் ஒவ்வொரு வீட்டையும் அரசே கட்டிக் கொடுப்பதென்றால் ஏழு லட்சம் பேருக்கு எத்தனை தலைமுறை ஆகும்?

அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான், நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான திட்டம். 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய மெட்ராஸ் நகர வளர்ச்சித் திட்டம் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் வீட்டைத் தராமல் மனையைத் தந்தது. சாலை, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு அரசின் வேலை. மனையில் ஒரு கழிப்பறை, ஒரு குழாய், சிலவற்றில் ஒரு சிறு அறை. மிச்சத்தை நீயே கட்டிக்கொள், கையில் காசு வரும்போது கட்டிக்கொள். பணத்தைத் தவணையில் கட்டு. 1980-இல் இரண்டாம் கட்டம் மொகப்பேர் பக்கம் போனது. ‘சைட்ஸ் அண்ட் சர்வீசஸ்’ என்பது அதிகாரிகளின் பெயர். ஆட்டோக்காரரிடம் கேட்டால் ‘ஸ்கீம் ஏரியா’ என்று சொல்லக்கூடும்.

அந்த வரைபடத்தை வரைந்தவர்களின் கெட்டிக்காரத்தனம் மனையின் அளவில் இருக்கிறது. மிகச் சிறிய மனைகள் ஏறத்தாழ 40 சதுர மீட்டர், அதாவது 430 சதுர அடி. எண்ணிக்கையில் பெரும்பகுதி இந்தச் சிறு மனைகள்தான், பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு. அதற்கு மேல் குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் மனைகள். முக்கியச் சாலையை ஒட்டிப் பெரிய மனைகளும் கடை மனைகளும். இவை சந்தை விலைக்கு விற்கப்பட்டன. பெரிய மனையில் வந்த லாபம் சின்ன மனையின் விலையைக் கீழே இழுத்தது. பணக்காரரும் ஏழையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இந்த இழுப்பு வேலை செய்யும். கலந்து குடியிருப்பது இங்கே வெறும் இலட்சியமாக இல்லை, கணக்குப் புத்தகத்துக்கே அதுதான் அச்சாணியாக இருந்தது.

ஆனால் தொடக்க ஆண்டுகளில் இந்தத் திட்டத்தைத் தோல்வி என்றே எழுதினார்கள். மனைகள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. ஊருக்கு வெளியே, பேருந்து இல்லாத பொட்டல். ஒதுக்கீடு பெற்ற ஏழைகளில் சிலர் விற்றுவிட்டார்கள், நடுத்தர வர்க்கம் உள்ளே வந்தது. உலக வங்கியும் 1990-களில் மெல்லக் கை கழுவியது. இருபது ஆண்டுகள் கழித்து அதே வங்கியின் ஆய்வாளர்கள் சென்னைக்கும் மும்பைக்கும் திரும்பி வந்து பார்த்தபோது, தோல்வி என்று தாங்கள் முத்திரை குத்திய இடங்கள் நிறைந்து கிடந்தன. பல வருவாய்ப் பிரிவினர் கலந்து வாழும், கடையும் பள்ளியும் நடைதூரத்தில் உள்ள, நெரிசலாயினும் ஒழுங்கான குடியிருப்புகள். வீடு கட்டுவதை ஐந்தாண்டுத் திட்டக் கெடுவுக்குள் அளந்ததுதான் பிழை. சீட்டு எடுத்து ஒரு சுவர், மகள் கல்யாணம் முடிந்து ஒரு மாடி என்று கட்டும் குடும்பத்துக்கு இருபது வருடம் ஒன்றும் நீண்ட காலமல்ல.

மொகப்பேரின் சிறு மனைத் தெருக்களில் நடந்து பாருங்கள். 430 சதுர அடியில் தரைத்தளம், அதன் மேல் இரண்டு மாடி. கீழே தையல் கடையோ மாவு மில்லோ. நடுவில் வீட்டுக்காரர். மேலே வாடகைக்கு. அந்த மேல் வீட்டை எந்த அரசுத் திட்டமும் கட்டவில்லை, எந்தப் புள்ளிவிவரத்திலும் அது ‘மலிவு விலை வீடு’ என்று பதிவாகியிருக்காது. ஆனால் நகரத்துக்குப் புதிதாக வந்த டெலிவரி வேலைக்காரரும் நர்ஸும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். அரசு மனை கொடுத்தது ஒரு குடும்பத்துக்கு. வீடு கிடைத்தது இரண்டு மூன்று குடும்பங்களுக்கு. வீட்டுக்காரருக்கு அந்த வாடகைதான் ஓய்வூதியம்.

குறையே இல்லாத திட்டம் அல்ல. தவணையை எல்லாம் கட்டி முடித்தும் கிரயப் பத்திரம் கிடைக்காமல் பத்தாண்டுக் கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. வாரியம் மனை பிரித்த நிலமே வேறொரு துறையின் பெயரில் இருந்தால் வாரியம் எப்படிப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்? பத்திரம் இல்லாமல் வங்கிக் கடன் இல்லை. பாகப்பிரிவினையும் இல்லை.

2000-ஆம் ஆண்டு வாக்கில் காற்று திசை மாறியது. ஆற்றோரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், மேம்பாலம் வேண்டும், பறக்கும் ரயில் வேண்டும். அங்கிருந்தவர்களை எங்கே வைப்பது? ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. பிறகு செம்மஞ்சேரி. 2004 சுனாமிக்குப் பின் கடலோரக் குடும்பங்கள் அங்கே அனுப்பப்பட்டன. பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக. 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே போயின. வெள்ளத்துக்குத் தப்பிக்க என்று கொண்டுபோய் வைத்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம் என்பதைக் குறிப்பிடாமல் போக முடியவில்லை.

இந்த இடங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கட்டடத் தரத்தில் நின்றுவிடுகிறது: லிஃப்ட் ஓடவில்லை, பூச்சு உதிர்கிறது, தண்ணீர் வரவில்லை. அவை உண்மை. ஆனால் லிஃப்ட் ஓடினாலும் பிரச்சினை தீராது. மந்தைவெளியில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கு அந்த நான்கு வீடும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டன. பூக்கட்டுபவருக்குக் கோயில் வாசல் போய்விட்டது. கட்டடத்தில் இருப்பது ஒரே அளவு வீடு, ஏறக்குறைய 400 சதுர அடிக்குள். இரண்டு பேர் குடும்பத்துக்கும் அதுதான், மூன்று தலைமுறை சேர்ந்த எட்டுப் பேருக்கும் அதுதான். ஏழாவது மாடியில் மாவு மில் வைக்க முடியாது, ஒரு அறை கூட்டிக் கட்டி வாடகைக்கு விட முடியாது. வில்லிவாக்கத்துச் சிறு மனை வளர்ந்தது. பெரும்பாக்கத்து வீடு வளராது. பணக்காரரும் நடுத்தர வர்க்கமும் அங்கே இல்லாததால் நல்ல பள்ளிக்கும் கூடுதல் பேருந்துக்கும் குரல் கொடுக்க வலுவான ஆளும் இல்லை. ‘கண்ணகி நகரா?’ என்று முகவரியைக் கேட்டதும் வேலை மறுக்கப்படும் பையன்களின் கதை தனி.

இரண்டு பாதைக்கும் உள்ள வேறுபாட்டைப் பணத்தால் மட்டும் விளக்க முடியாது. யாரைக் கேட்டுத் திட்டம் போட்டார்கள் என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. உண்மையைச் சொன்னால் 1977-இலும் மக்களைப் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. ஆனால் வீட்டின் பாதி முடிவுகளை மக்கள் கையில் விட்டுவைத்தார்கள், அதுவே ஒருவகை கேட்டல். முறையாகக் கேட்டவர்கள் பக்கத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

இலங்கையில் 1984 முதல் 1989 வரை, பிரதமர் ரணசிங்க பிரேமதாசவின் முயற்சியில் பத்து லட்சம் வீடுகள் திட்டம் நடந்தது. கிராமத்தில் தொடங்கிய அது அடுத்த ஆண்டு கொழும்பின் தோட்டங்களுக்கு வந்தது. ‘தோட்டம்’ என்பது அங்கே சேரிக் குடியிருப்பின் பெயர். ‘வத்த’ என்பார்கள் சிங்களத்தில். ஒவ்வொரு தோட்டத்திலும் சமூக அபிவிருத்திச் சபை. வீடமைப்பு அதிகார சபை அதிகாரிகள் சபையோடு உட்கார்ந்து, இரண்டு நாள் பட்டறை போல, அந்த இடத்துக்கான திட்டத்தைப் போடுவார்கள். எந்தச் சந்துப் பாதையை அகலப்படுத்துவது, யாருடைய சுவர் இரண்டடி பின்னே போக வேண்டும், பொதுக் குழாய் எங்கே. இதில் என்னைக் கவர்ந்தது கட்டட விதிகள் பற்றிய அமர்வு. நகராட்சிச் சட்டம் கேட்ட குறைந்தபட்ச மனையளவு அங்கே யாரிடமும் இல்லை. அந்தச் சட்டப்படி பார்த்தால் எல்லா வீடும் சட்டவிரோதம். அதனால் இரண்டு பேர்ச், அதாவது ஏறத்தாழ 50 சதுர மீட்டர் போதும் என்று தனி அளவு வகுத்தார்கள். ஜன்னல், கூரை, இரண்டு வீட்டுக்கு நடுவே இடைவெளி பற்றி அந்தந்தச் சமூகமே தனக்கு விதி எழுதிக்கொண்டது. தான் எழுதிய விதியை அண்டை வீட்டுக்காரர் மீறினால் சும்மா விடுவார்களா? பொறியாளரை விட நன்றாகக் கண்காணித்தார்கள். கிராண்ட்பாஸ் பக்கத்து நவகம்புர இப்படி உருவான இடம்.

கொழும்பின் கதையும் நம் கதையைப் போலவே திரும்பியது. 2010-க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. தோட்டங்கள் காலியாகி உயரமான அடுக்குமாடிகள் எழுந்தன. மையத்தில் உள்ள நிலத்தின் விலை ஏறியதும் இரண்டு நகரங்களும் ஒரே முடிவுக்கு வந்தது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

தாய்லாந்து வேறு வழியில் போனது. 2003-இல் தொடங்கிய பான் மங்கோங் திட்டத்தில் அரசு வீடு கட்டுவதில்லை. உள்கட்டமைப்புக்கான மானியத்தையும் குறைந்த வட்டிக் கடனையும் சமூகத்தின் கூட்டுறவுக்கு நேராகக் கொடுக்கிறது. முதல் நிபந்தனை சேமிப்புக் குழு. இருந்த இடத்திலேயே மேம்படுத்துவதா, மனைகளை மறுபடி பிரித்து அடுக்குவதா, நில உரிமையாளரோடு பேசி நிலத்தைப் பங்கு போட்டுக்கொள்வதா, அருகில் வேறு நிலம் வாங்குவதா என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். நம்மூர் மகளிர் சுயஉதவிக் குழுக்களை நினைத்துக்கொள்ளுங்கள். தையல் இயந்திரத்துக்கும் கறவை மாட்டுக்கும் கடன் வாங்கித் தவறாமல் கட்டும் அந்தக் குழுக்களிடம் ஒரு தெருவின் வரைபடத்தைக் கொடுத்துப் பார்க்க ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

சமூகத் திட்டமிடல் என்றாலே நல்லது என்று நம்பிவிடவும் கூடாது. ‘சமூகம்’ என்று கூட்டம் போட்டால் முதலில் வந்து முன்வரிசையில் உட்காருபவர்கள் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள்; குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற அதிகாரி. “எங்க தெருவில் அடுக்குமாடி வேண்டாம், ஹாஸ்டல் வேண்டாம், பேச்சிலர் வேண்டாம்” என்பதுதான் பல கூட்டங்களின் முதல் தீர்மானம். வாடகைக்கு இருப்பவருக்கு அழைப்பே போகாது. இனி வரப்போகிறவருக்கோ நாற்காலியே கிடையாது. அதனால் யார் உட்காருகிறார்கள் என்பதை விதியிலேயே எழுதாமல் சமூகத் திட்டமிடலைப் புகழ்வது வீண்.

தமிழ்நாட்டில் அதற்கான கதவு பாதி திறந்திருக்கிறது. கிராம சபை போல நகரங்களில் ஏரியா சபை நடத்தும் விதிகள் வந்து, 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதல் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்ததில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். பேச்சு பெரும்பாலும் குப்பை, தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு. அவை தேவைதான். ஆனால் அதே வார்டில் எந்தப் புறம்போக்கில் வீடு வரலாம், எந்தத் தெருவில் மூன்று போர்ஷன் கட்ட அனுமதிக்கலாம் என்ற கேள்வி அந்தக் கூட்டத்தின் அதிகார வரம்புக்குள் வருவதில்லை. அது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் வரைபடத்தில் இருக்கிறது.

விதிகளும் அரைகுறையாகக் கை கொடுக்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கவும் கூடாது. மொகப்பேரின் தத்துவம்தான், கொஞ்சம் நீர்த்த வடிவில். ஆனால் இன்று அவ்வளவு பெரிய நிலம் கிடைப்பது படப்பையிலும் மறைமலை நகருக்கு அப்பாலும்தான். வேலை இருக்கும் இடத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகளை இந்த விதி தொடுவதே இல்லை. பெரிய அடுக்குமாடிகள் கட்டுவோர், ஏழைகளின் வீட்டுக்கென்று உள்ள தங்குமிட நிதிக்குக் கட்டணம் செலுத்திவிட்டுப் போகிறார்கள். நிதி சேர்கிறது; அதை வைத்து வீடு எழும்புவது மறுபடியும் நிலம் மலிவான விளிம்பில்.

வாடகைச் சட்டத்திலும் அப்படியொரு ஓட்டை. 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில். வீட்டுக்காரர் பத்து மாதம் கேட்டால் ஒப்புக்கொள்ளாமல் எங்கே போவார் குடியிருக்க வருபவர்?

ஏணியில் ஒரு படி மட்டும் அண்மையில் கவனிக்கும்படி வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு கைப்பேசி ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டில் பலர் நோயுற்றதை அடுத்து, இரவோடு இரவாகச் சாலையில் உட்கார்ந்தார்கள். சோறு உடனடிக் காரணம். அறைக்குள் அடைத்து வைத்திருந்த நெரிசல் பின்னணி. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் திறந்தது. மாவட்டத் தலைநகரங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ‘தோழி’ விடுதிகள் வருகின்றன. ‘குடும்பம்’ என்ற ஒற்றை அச்சுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் வீடு வேண்டும் என்று அரசு ஒத்துக்கொண்டதன் அடையாளம் இது. அந்தப் பெண்கள் முப்பது வயதில் விடுதியை விட்டு வெளியே வரும்போது அடுத்த படி எது என்பது இன்னும் காலியிடமாகவே இருக்கிறது.

எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2026-உடன் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம் இப்போதுள்ள 1,189 சதுர கிலோமீட்டருக்காகத் தயாராகிறது. பெருநகர எல்லையோ 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தி அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, ஆட்சேபமும் யோசனையும் எழுத்தில் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். நகரின் இருபது ஆண்டு விதிக்கு இரண்டு மாதம். கட்டுநர் சங்கங்களுக்கு அந்தத் தேதி நன்றாகத் தெரிந்திருக்கும். வரைபடத்தில் உங்கள் வார்டைத் தேடும்போது வண்ணங்களை மட்டும் பார்க்காதீர்கள். மஞ்சள் என்றால் குடியிருப்பு என்று எல்லோருக்கும் தெரியும். கூடவே வரும் விதிகளில் அந்த மஞ்சளுக்குள் குறைந்தபட்ச மனை எவ்வளவு, ஒரு மனைக்கு எத்தனை வீடு, கார் இல்லாதவர் வீட்டுக்கும் கார் நிறுத்துமிடம் கேட்கிறார்களா என்று பாருங்கள். ஆட்சேபத்தை எழுதும்போது தெருப் பெயரோடு சர்வே எண்ணையும் குறிப்பிடுங்கள்.